காணிக்கையைக் குறைத்தால் சாபம் வருமா?

மதிப்பிற்குரிய அம்மா,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நான் விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்தவள். வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம்.

சம்பளம் வந்ததும் தசமபாகத்தை முதலில் எடுத்துவைப்பேன். பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒன்று. அதற்குமேல் மிஷனரி ஊழியம், கட்டட நிதி, ஸ்தோத்திரக் காணிக்கை என்று சேர்த்தால் என் சம்பளத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடுகிறது. வீட்டுக்கடன் தவணை நிலுவையில் நிற்கிறது. மாமியாருக்கு மாத்திரை வாங்குவது கிரெடிட் கார்டில். கட்டட நிதிக்கு இவ்வளவு தருகிறேன் என்று தேவனிடம் பண்ணிய பொருத்தனையையும் கணவருக்குத் தெரியாமல் அதே கார்டில்தான் செலுத்தினேன். கணக்கு வந்தபோது பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. "இனி பண விஷயத்தில் நீ சொல்றதை நான் எப்படி நம்புறது?" என்று மட்டும் கேட்டார்.

குறைக்கலாம் என்று நினைத்தாலே பயம் பிடித்துக்கொள்கிறது. "நீங்கள் சபிக்கப்பட்டவர்கள்" என்ற மல்கியா வசனம் காதில் கேட்கிறது. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தால், எந்தக் காணிக்கையை விட்டேன் என்று தேடுகிறேன்.

வேதவாசிப்பும் இப்படித்தான். ஒரு வருடத்தில் முடிக்கும் திட்டப்படி நாளுக்கு நாலு அதிகாரம். விட்டுப்போனால் மறுநாள் எட்டு. லேவியராகமத்தில் நின்றுபோய், குற்ற உணர்வோடு மறுபடி ஆதியாகமத்துக்குத் திரும்புகிறேன். வாசிக்கையில் மனம் அலைந்தால் அந்தப் பகுதியை முதலிலிருந்து வாசிக்கிறேன். வாசிக்காத நாளுக்கு அபராதமாக ஒரு தொகையைக் காணிக்கைக் கவரில் போடுகிறேன்.

இது என் விசுவாசக் குறைவா, மனநோயா? கொடுப்பதைக் குறைத்தால் என் பிள்ளைகளுக்கு ஏதாவது வருமா?

பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வராது. சபையும் நீங்களும் நம்புகிற அதே வேதத்திலிருந்து இதற்குக் காரணம் சொல்கிறேன். ஆனால் ஒரே தடவைதான் சொல்வேன். பயம் கிளம்பும்போதெல்லாம் இந்தப் பதிலை எடுத்துப் படித்து ஆறுதல் தேட வேண்டாம். அப்படித் தேடுவதே உங்கள் தொல்லையை வளர்க்கிறது. அது எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம்.

மல்கியா 3-ஆம் அதிகாரத்தை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். 9-ஆம் வசனம் "ஜனத்தார்" எல்லாரையும் பார்த்துச் சொல்லப்பட்டது. தசமபாகம் பண்டசாலைக்கு வராததால் என்ன நடந்தது என்பதை நெகேமியா 13:10 காட்டுகிறது: பங்கு கிடைக்காத லேவியரும் பாடகரும் ஆலய வேலையை விட்டு அவரவர் வயலுக்குப் போய்விட்டார்கள். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்று 10-ஆம் வசனம் சொல்வது இதனால்தான். அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனம், கூலிக்காரனுடைய கூலியில் கைவைப்பவர்களையும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களையும் கண்டிக்கிறது. சேர்த்துவைத்துக்கொண்டு பங்கிட மறுத்த ஒரு சமுதாயத்துக்குச் சொன்னதை, மருந்துக்குக் கடன் வாங்கும் ஒரு தாயின்மேல் திருப்புவது அந்த வசனத்துக்கும் நியாயம் செய்வதாகாது. நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து கிறிஸ்து நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்வது உங்களுக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். பிள்ளையின் காய்ச்சலுக்குக் காரணம் தேடும்போது யோவான் 9:3-ஐ நினையுங்கள். "இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா" என்று சீஷர் கேட்ட கேள்வியையே ஆண்டவர் தள்ளிவிட்டார்.

தசமபாகம் இன்றைய விசுவாசிக்குக் கட்டளையா, வழிகாட்டியா என்பதில் சபைகள் ஒத்துப்போவதில்லை. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. கட்டளை என்றே வைத்துக்கொண்டாலும் அது களத்துக்கு வந்துவிட்ட தானியத்திலும், கோலின்கீழ் கடந்துபோன மந்தையிலும் எடுத்த பத்தில் ஒன்று. இல்லாததைக் கடன் வாங்கிக் கொடுக்கச் சொல்லும் கட்டளை வேதத்தில் எங்கும் கிடையாது. "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" (2 கொரிந்தியர் 8:12).

நீங்கள் ஒவ்வொரு முறையும் நின்றுபோகிற லேவியராகமத்திலேயே உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. 5-ஆம் அதிகாரத்தில் பாவநிவாரண பலிக்கு ஆட்டைக் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்கு வசதியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாவையோ புறாக்குஞ்சையோ கொண்டுவரலாம். அதற்கும் முடியாதவனுக்கு ஒரு எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு போதும். மூன்று பேருக்கும் கிடைக்கிற மன்னிப்பு ஒன்றுதான். இயேசுவின் பெற்றோர் ஆலயத்துக்கு எடுத்துப்போனதும் வசதியில்லாதவர்களுக்குரிய அந்தப் பறவைகளைத்தான் (லூக்கா 2:24). பொருத்தனை பண்ணிவிட்டுச் செலுத்த முடியாதவனைப் பற்றி லேவியராகமம் 27:8 பேசுகிறது. அவன் ஆசாரியனிடம் போக வேண்டும், ஆசாரியன் அவன் திராணிக்கேற்றபடி தொகையை மதிக்க வேண்டும். கட்டட நிதிப் பொருத்தனையில் இன்னும் பாக்கி இருந்தால் நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். போதகரிடம் போய், "சொன்ன தொகையைச் சொன்ன காலத்தில் கொடுக்க எங்களால் முடியவில்லை, குறைத்தோ தள்ளியோ வைக்க வேண்டும்" என்று நேராகச் சொல்லுங்கள்.

மாமியாரின் மாத்திரை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பிக்கொண்டவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:9-13). தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. அந்த மருந்துச் செலவும் தேவனுக்கு முன்பாகக் கணக்கில் வருகிற கொடுத்தல்தான்.

இனி மனதுக்கு வருவோம். உங்களுக்குள் நடப்பது ஒரு சுழற்சி. ஒரு சந்தேகம் எழுகிறது, பயம் ஏறுகிறது, ஒரு தொகையைக் கவரில் போடுகிறீர்கள் அல்லது அதிகாரத்தை மறுபடி வாசிக்கிறீர்கள், பயம் சட்டென்று இறங்குகிறது. அந்த நிம்மதி மூளைக்கு ஒரு தவறான பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறது: "காசு போட்டதால்தான் ஆபத்து நீங்கியது." அதனால் அடுத்த சந்தேகம் இன்னும் சீக்கிரம் வருகிறது, இன்னும் அதிகம் கேட்கிறது. இது புதிய தொல்லையும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் மடத்தில் இருந்த நாட்களில் பாவ அறிக்கைக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரும் இதே தொல்லையில் தவித்து, பின்னாளில் இதைப் பற்றி மற்றவர்களுக்குக் குறிப்புகள் எழுதினார். இரண்டு பேரையும் விசுவாசம் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கொடுப்பது மனிதருக்கு மகிழ்ச்சி தரும் என்பதை எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்டன் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2010-இல் நெட்டா வைன்ஸ்டைனும் ரிச்சர்ட் ரயனும் அதில் முக்கியமான ஒன்றைச் சேர்த்தார்கள்: தானாக விரும்பி உதவியவருக்கே மன நலம் கூடியது, நெருக்கடிக்காகச் செய்தவருக்கு அந்தப் பலன் இல்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்று பவுல் எழுதியதை (2 கொரிந்தியர் 9:7) நான் ஆலோசனையிலும் அப்படியே எடுத்துக்கொள்வேன். "நியமித்தபடி" என்றால் முன்கூட்டியே, அமைதியான நேரத்தில் முடிவுசெய்தபடி. பாட்டும் கண்ணீருமாக ஆராதனை உச்சத்தில் இருக்கும்போது முடிவெடுக்க வேண்டாம்.

அடுத்த சம்பளத்துக்கு முன்பே கணவரோடு உட்காருங்கள். கைக்கு வரும் இருவர் சம்பளத்தையும் நூறு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தவணை, மருந்து, சாப்பாடு, பள்ளிச் செலவு, பயணம் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். அடுத்து தவணை நிலுவை. அதற்கடுத்து கிரெடிட் கார்டு பாக்கி. கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய், அசல் அசையாது. ஆகவே குறைந்தபட்சத்துக்கு மேல் ஒரு நிலையான தொகையை மாதாமாதம் கட்ட வேண்டும். கார்டில் இனி எந்தக் காணிக்கையும் வேண்டாம்.

கொடுப்பதற்கு நூறில் மூன்று பங்கில் தொடங்குங்கள் என்பேன். மூன்றுக்குத் தனிப் புனிதம் ஒன்றும் இல்லை. இருவரும் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொள்ளும் எண் எதுவோ அது. ஒரு கடன் அடையும்போது ஒன்றோ இரண்டோ பங்கு கூட்டிக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு அந்த எண் மாறக்கூடாது. குறைக்கவும் வேண்டாம், பயத்தில் கூட்டவும் வேண்டாம். அதில் ஒரு பங்கைச் சபைக்குப் போடாமல் கையில் வைத்திருங்கள், அக்கம்பக்கத்தில் திடீரென்று ஒருவருக்குத் தேவை வரும். என்னைக் கேட்டால், இந்தச் சிறிய பங்குதான் கொடுப்பதன் மகிழ்ச்சியை உங்களுக்குத் திருப்பித் தரும். யாருக்குப் போகிறது, என்ன ஆயிற்று என்பதைக் கண்ணால் பார்க்கலாம். விசேஷக் கூட்டங்களுக்குத் தீர்மானித்த கவரோடு மட்டும் போங்கள், கார்டு வீட்டில் இருக்கட்டும். புதிய அழைப்பு மனதைத் தொட்டால் இரண்டு இரவு கழித்துக் கணவரோடு பேசி முடிவெடுங்கள். தேவனால் உண்டான ஏவுதல் இரண்டு இரவில் காலாவதியாகாது.

வாசிக்காத நாளுக்கான அபராதத்தை இன்றே நிறுத்துங்கள். கவரில் விழுந்தாலும் அதைக் காணிக்கை என்று என்னால் சொல்ல முடியவில்லை, பயம் கேட்ட கப்பம் அது.

வேதவாசிப்பில் உங்களைத் தோற்கடிப்பது சோம்பல் இல்லை, திட்டத்தில் உள்ள தேதிகள். வேதத்தின் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். 365-ஆல் வகுத்தால் நாளுக்கு மூன்றேகால். ஒரு வாரம் விட்டால் 22, 23 அதிகாரம் கடனாகிவிடும், கடனைப் பார்த்ததும் கை திறக்காது. இந்த அதிகாரப் பிரிவு மூல எழுத்துகளில் இருந்ததும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் வகுத்ததாகச் சொல்லப்படுவது அது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட பதிப்பிலிருந்து வந்தவை. நாலு அதிகாரம் என்ற அளவைத் தேவன் உங்களிடம் கேட்கவில்லை.

மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம், நாளுக்குப் பாதி என்றால் ஏறக்குறைய ஒரு மாதம். பத்து நிமிடத்துக்கு மணி வைத்துக்கொள்ளுங்கள். தேதி எழுத வேண்டாம், புத்தகக் குறி போதும். விட்ட நாள் விட்டதுதான், அடுத்து உட்காரும்போது குறி இருக்கும் இடத்திலிருந்து தொடருங்கள். மனம் அலைந்தாலும் பின்னால் போகாமல் முன்னே வாசியுங்கள். முடிவில் "இந்தப் பகுதியில் இயேசு யாரிடம், எப்படி நடந்துகொண்டார்?" என்று ஒரே ஒரு வரி. அதோடு மூடிவிடுங்கள். லேவியராகமத்துக்குப் பிறகு வரலாம்.

இவற்றைத் தொடங்கியதும் பயம் முதலில் கூடும். பலர் அதைத் தேவன் தந்த எச்சரிக்கை என்று நினைத்து அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அலை எழும்போது ஒரு தாளில் நேரத்தையும், பயத்தின் அளவை 0 முதல் 10 வரை ஒரு எண்ணாகவும் எழுதுங்கள். பிறகு எதுவும் செய்யாதீர்கள்: காசு சேர்க்காமல், மறுபடி வாசிக்காமல், கணவரிடம் "இது பாவமில்லையே?" என்று கேட்காமல். கால் மணிக்கு ஒரு முறை எண்ணை மட்டும் எழுதுங்கள். நீங்கள் ஒன்றும் செய்யாமலே அது இறங்குவதைத் தாளே காட்டும். முதல் சில தடவை மெதுவாகத்தான் இறங்கும். கணவரிடமும் சொல்லிவையுங்கள், அப்படிக் கேட்டால் அவர் "பதில் சொல்லமாட்டேன், பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும். பாவ அறிக்கை ஒரு விஷயத்துக்கு ஒரு தடவை. பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்கிற 1 யோவான் 1:9 எத்தனை தடவை என்று எண்ணச் சொல்லவில்லை.

விசுவாசக் குறைவா, நோயா என்று கேட்டீர்கள். கடிதத்தை மட்டும் வைத்து நோய் என்று பெயரிட மாட்டேன். ஆனால் இந்தச் சந்தேகங்களும் ஈடுகட்டல்களும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றால், அல்லது தூக்கத்தையும் வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால், மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். குடும்பம் ஏற்கனவே பாதிக்கப்பட்டிருப்பதால் காத்திருக்கச் சொல்லமாட்டேன். எண்ணச் சுழற்சி நோய் (OCD) சிலருக்கு மத வடிவில் வருவதுண்டு. நான் மேலே சொன்ன, பயத்தை எதிர்கொண்டு ஈடுகட்டாமல் இருக்கும் பயிற்சியைப் படிப்படியாகச் செய்ய வைப்பதே அதற்கான முதன்மையான பேச்சுச் சிகிச்சை. மாத்திரை தந்தால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் விசுவாசத்தை மதிக்கிறவரா என்று முதல் சந்திப்பிலேயே கேட்கலாம், அது நியாயமான கேள்வி.

கணவரின் நம்பிக்கையை விளக்கம் சொல்லித் திரும்பப் பெற முடியாது. கணக்கைத் திறந்துவைத்தால்தான் முடியும். கார்டின் முழுக் கணக்கையும், அவருக்குத் தெரியாத பொருத்தனை வேறு ஏதாவது இருந்தால் அதையும் அந்த முதல் உட்காருதலிலேயே மேசையில் வையுங்கள். பாதியை இன்று சொல்லி மீதியை அடுத்த மாதம் அவர் கண்டுபிடித்தால், முதல் தடவையைவிட ஆழமாகக் காயப்படுவார். மூன்று மாதம் முடியும்போது கணக்குத் தாளையும் பயத்தின் எண்கள் எழுதிய தாளையும் இருவரும் சேர்ந்து பாருங்கள், கொடுக்கும் பங்கை மாற்றுவதா என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆலோசகர்