குழந்தைகள் உள்ள வீட்டில் பெரிய காவல் நாய் வளர்க்கலாமா?

ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற நாய்கள் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானவையா என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்க்கலாம். ஆனால் சிறு குழந்தையையும் நாயையும் பெரியவர் துணையின்றி ஒரு நிமிடம்கூட விடக்கூடாது. வளர்ந்த ஆண் ராட்வைலர் 50 கிலோவைத் தாண்டலாம். பாசமாக இடித்தாலே குழந்தை விழுந்துவிடும்.

இனத்தைவிட வளர்ப்புதான் முக்கியம் என்பார்கள். பாதி உண்மை. எந்த நாயும் கடிக்கலாம், பெரிய நாய் கடித்தால் காயம் பெரிது. குட்டிக்கு 3 முதல் 14 வாரத்துக்குள் குழந்தைகளோடு நல்ல பழக்கம் ஏற்பட வேண்டும். தாய் நாயின் குணத்தையும் நேரில் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. உங்கள் பிள்ளையோடு பழகிய நாய், விளையாட வரும் நண்பனை அந்நியனாகத்தான் பார்க்கும். இருவரும் கட்டிப் புரண்டால் தாக்குதல் என்று நினைத்துப் பாயலாம். அந்த நேரத்தில் நாயை வேறு அறையில் விடுங்கள்.

அப்புறம், உறுமினால் தயவுசெய்து அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிப் பழக்கினால், அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். உடல் விறைப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, அடிக்கடி உதட்டை நக்குவது, இவை அதற்கும் முந்தைய அறிகுறிகள். அப்போதே குழந்தையை விலக்கிவிடுங்கள்.