டீச்சரைக் கேளுங்க: அளவும் அலகும்

கேள்வி: பையன் ஆறாவது படிக்கிறான் டீச்சர். சயின்ஸ்ல முதல் பாடமே அளவீடுகள். கிலோ, ஹெக்டோ, டெக்கான்னு வரிசையா ஒப்பிக்கிறான், ஆனா 2.5 சதுர மீட்டர் எத்தனை சதுர சென்டிமீட்டர்னு கேட்டா 250ன்னு எழுதிட்டு வர்றான். புள்ளிய எந்தப் பக்கம் தள்ளணும்னு தினமும் வீட்ல சண்டை. எப்படிப் புரிய வைக்கறது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தப் புள்ளி தள்ற வேலைய கொஞ்ச நாளைக்கு ஓரமா வைங்கம்மா. தரையில சாக்பீஸ் எடுத்து 1 மீட்டருக்கு 1 மீட்டர் ஒரு கட்டம் போடச் சொல்லுங்க, டெய்லர் டேப் இருந்தா போதும். அப்புறம் கிராஃப் தாள்லேர்ந்து ஒரு சென்டிமீட்டர் கட்டம் ஒண்ணு வெட்டி அந்த மூலையில வைங்க. இந்தக் குட்டிக் கட்டம் ஒரு வரிசைக்கு எத்தனைடா வரும்? 100. அந்த மாதிரி எத்தனை வரிசை? 100. அப்ப மொத்தம் 10,000, அதனால 2.5 சதுர மீட்டர்னா 25,000 சதுர சென்டிமீட்டர். அவன் எழுதின 250ங்கறது ஒரு நோட்டுப் பக்கம் அளவுகூட வராதுன்னு அப்ப அவன் கண்ணுக்கே தெரிஞ்சிடும். இந்த 'இவ்ளோ பெருசா இருக்கணுமே'ங்கற மதிப்பு மனசுல இல்லாம எந்த ஃபார்முலா சொல்லிக் கொடுத்தும் புண்ணியமில்ல, இத நான் ரொம்ப உறுதியாவே சொல்றேன். (கன மீட்டருக்குப் போனா இன்னும் ஒரு 100 சேரும், 10 லட்சம் கன சென்டிமீட்டர்.)

அடுத்தது, கணக்குப் போடும்போது ஒவ்வொரு வரியிலயும் எண்ணுக்குப் பக்கத்துல அலகையும் எழுத வைங்க. பல பசங்க கடைசி வரியில மட்டும் எழுதுவாங்க, அங்கதான் கோட்டை விடுறாங்க. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்த நொடிக்கு எத்தனை மீட்டர்னு மாத்தணும்னு வைங்க, கிலோமீட்டர் இருந்த இடத்துல 1000 மீட்டர், மணி இருந்த இடத்துல 3600 நொடி, 72 × 1000 ÷ 3600, விடை 20. 5/18ன்னு ஷார்ட்கட் மனப்பாடம் பண்ணின பிள்ளை 18/5ஆ 5/18ஆன்னு எக்ஸாம் ஹால்ல முழிக்கும். அலகை எழுதி மேலயும் கீழயும் அடிச்சுப் பழகின பிள்ளைக்கு அந்தக் குழப்பமே வராது, ஏன்னா தப்பாப் பெருக்கினா அலகு அடிபடாம நிக்கும், அதுவே காட்டிக் குடுத்துடும்.

கேள்வி: எண்ணெய் பாக்கெட்ல 1 லிட்டர், 910 கிராம்னு ரெண்டும் போட்டிருக்கு. 1 லிட்டர்னா 1 கிலோன்னுதானே படிச்சோம் மிஸ், 90 கிராம் ஏமாத்தறாங்களா?
– ஏழாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

பதில்: இல்லம்மா, பாக்கெட் சொல்றது சரி. லிட்டர் சொல்றது எவ்ளோ இடம் அடைக்குதுங்கறத, கிலோ சொல்றது எவ்ளோ பொருள் இருக்குங்கறத. ரெண்டும் ஒண்ணா வர்றது தண்ணிக்கு மட்டும்தான், அதுவும் சும்மா தற்செயலா இல்ல. 1795ல பிரான்ஸ்ல மெட்ரிக் முறைக்கு சட்டம் போட்டப்போ ஒரு கன சென்டிமீட்டர் தண்ணியோட எடையத்தான் ஒரு கிராம்னு வச்சாங்க. (இப்போ அந்த வரையறை இல்ல, 2019 மே 20லேர்ந்து பிளாங்க் மாறிலிங்கற, எங்கயும் எப்பவும் மாறாத ஒரு இயற்பியல் எண்ண வச்சு கிலோகிராம வரையறுக்கறாங்க, ஆனா தண்ணிக் கணக்கு இன்னும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு.) எண்ணெய்க்கு அடர்த்தி கம்மி, அதான் தண்ணி மேல மிதக்குது. பாலுக்கு கொஞ்சம் கூட, அரை லிட்டர் பால் ஏறக்குறைய 515 கிராம் இருக்கும். வீட்ல டிஜிட்டல் தராசு இருந்தா நீயே வச்சுப் பாரு, காலி கவரோட எடைய கழிக்க மறந்துடாத.

கேள்வி: விடை சரியா இருந்தும் அலகு எழுதலன்னு அரை மார்க் குறைச்சிட்டாங்க. இது நியாயமா டீச்சர்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

பதில்: நியாயம்தான் தம்பி. கோச்சுக்காம இந்தக் கதையக் கேளு. 1983 ஜூலை 23, கனடாவுல மான்ட்ரியல்லேர்ந்து எட்மன்டன் போக வேண்டிய ஏர் கனடாவோட போயிங் 767 விமானம். அந்த நாடே அப்ப மெட்ரிக் முறைக்கு மாறிக்கிட்டிருந்த நேரம், இந்த விமானத்துக்கு எரிபொருள் கணக்கு கிலோகிராம்ல. தேவைப்பட்டது 22,300 கிலோ. டேங்க்ல ஏற்கனவே 7,682 லிட்டர் இருக்கு. லிட்டர கிலோவா மாத்த 0.8ன்னு பெருக்கணும், ஆனா பழக்கத்துல 1.77ன்னு பெருக்கிட்டாங்க, அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டுங்கற எண். வந்த விடைய கிலோன்னே எடுத்துக்கிட்டு இன்னும் 4,917 லிட்டர் போதும்னு ஊத்தினாங்க. உண்மையில ஊத்த வேண்டியது சுமார் 20,000 லிட்டர்! 41,000 அடி உயரத்துல, பாதி வழியில எரிபொருள் தீர்ந்து ரெண்டு இன்ஜினும் நின்னு போச்சு. பைலட்டுங்க திறமையால இன்ஜினே இல்லாம மிதக்க விட்டு கிம்லிங்கற ஊர்ல இருந்த பழைய விமானப்படைத் தளத்துல இறக்கினாங்க, உள்ள இருந்த 69 பேரும் பிழைச்சாங்க. அங்க பெருக்கல்ல தப்பே இல்ல, 1.77ங்கற எண்ணுக்குப் பக்கத்துல எந்த அலகுன்னு யாரும் பாக்கல, அவ்ளோதான் தப்பு. உன் டீச்சர் அரை மார்க்கோட விட்டாங்களேன்னு நினைச்சுக்கோ.

கேள்வி: கிலோகிராமுக்கு குறியீடு பெரிய எழுத்தா சின்ன எழுத்தா?
– ஒரு பெற்றோர், ஈரோடு

பதில்: கே, ஜி ரெண்டுமே சின்ன எழுத்து (kg), பின்னாடி பன்மைக்கு எஸ் கிடையாது, புள்ளியும் கிடையாது. கடை போர்டப் பாத்துக் கத்துக்காதீங்க. எம் எழுத்துல இன்னும் உஷாரா இருக்கணும், சின்ன எம் போட்டா மில்லி, பெரிய எம் போட்டா மெகா, நடுவுல நூறு கோடி மடங்கு வித்தியாசம்.

கேள்வி: எங்க காலத்துல வீசை, மணங்கு, படி. இப்ப பேரப்பிள்ளைங்க எல்லாம் மெட்ரிக்னு சொல்றாங்க, ஆனா நிலம் சென்ட்லதானே விக்கறாங்க? பட்டாவுல வேற ஏதோ கணக்கு இருக்கு, புரியல.
– ஒரு பெரியவர், மதுராந்தகம்

பதில்: நல்ல கேள்வி ஐயா. 1956ல சட்டம் வந்து, 1957 ஏப்ரல் 1ல காசு பத்தின் மடங்குக்கு மாறுச்சு, 1958 அக்டோபர்லேர்ந்து எடைக்கற்களும் கொஞ்சம் கொஞ்சமா மாற ஆரம்பிச்சது. 40 பலம் ஒரு வீசை, அது சுமார் 1.4 கிலோ, 8 வீசை ஒரு மணங்கு. படிதான் பெரிய தலைவலி, ஊருக்கு ஊர் வேற அளவு, விக்கறவன் படி வேற வாங்கறவன் படி வேறன்னா நஷ்டம் விவசாயிக்குத்தான். அதனால ஒரே அளவு வந்தத நான் மனசார வரவேற்கிறேன். பட்டாவுல இருக்கறது ஹெக்டேர், ஏர். ஒரு ஏர்ங்கறது 100 சதுர மீட்டர், சென்ட் கணக்குல 2.47. உங்க பட்டாவுல 0 ஹெக்டேர் 12.50 ஏர்னு இருந்தா 12.5 × 2.47, கிட்டத்தட்ட 30.9 சென்ட். பத்திரம் பதியறதுக்கு முன்னாடி இந்தப் பெருக்கல பேரனையே போடச் சொல்லுங்க ஐயா.

கேள்வி: 10 சென்டிமீட்டர் மழை பெய்ஞ்சதுன்னு நியூஸ்ல சொல்றாங்களே, தண்ணிய லிட்டர்ல சொல்லாம ஏன் நீளத்துல சொல்றாங்க?
– ஆறாம் வகுப்பு மாணவன், கடலூர்

பதில்: எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்விடா கண்ணா. லிட்டர்னு சொன்னா எவ்ளோ பெரிய இடத்துலன்னு அடுத்த கேள்வி வரும். உயரமா சொல்லிட்டா அது வரவே வராது. பெய்ஞ்ச தண்ணி எங்கயும் ஓடாம, மண்ணுல இறங்காம அப்படியே நின்னா எவ்ளோ உயரம் நிக்கும், அதுதான் அந்த 10 சென்டிமீட்டர். இப்ப நீ படிச்ச மாத்தலப் போடு: ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் உயரம், 100 × 100 × 0.1, அதாவது 1000 கன சென்டிமீட்டர், சரியா ஒரு லிட்டர்! அப்ப 10 சென்டிமீட்டர்னா சதுர மீட்டருக்கு 100 லிட்டர். உங்க மொட்டை மாடி 1000 சதுர அடின்னா அது 93 சதுர மீட்டர், ஒரே ராத்திரியில 9,300 லிட்டர் அந்த மாடியில விழுந்திருக்கு. ஒரு 12,000 லிட்டர் தண்ணி லாரியில முக்கால்வாசிக்கு மேல, அதைத்தான் நாம பைப் வழியா ரோட்டுக்கு விட்டுட்டு கோடையில காசு குடுத்து வாங்கறோம். அடுத்த மழைக்கு, மேலேர்ந்து கீழ வரை ஒரே அகலமா இருக்கற டப்பா ஒண்ண திறந்தவெளியில வை, அகலமோ குறுகலோ எதுவா இருந்தாலும் அளவு ஒண்ணாத்தான் வரும். வாளி வேண்டாம், அது கீழ குறுகும். காலையில ஸ்கேல விட்டு அளந்து, மறுநாள் பேப்பர்ல உங்க ஊருக்குப் போட்ட அளவோட ஒத்துப் பாத்துட்டு எனக்கு எழுது. எத்தனை மில்லிமீட்டர்னு அலகோட.