அசதி என்று பெயர் வைத்துவிட்டார்கள்

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போனதிலிருந்து என்னால் பழையபடி நடமாட முடியவில்லை. ‘குரோனிக் ஃபெட்டீக் சிண்ட்ரோம்’, அதாவது நாட்பட்ட அசதி நோய், என்று மருத்துவர் எழுதித் தந்தார். “அசதியெல்லாம் ஒரு வியாதியா?” என்கிறார் என் மாமியார். இதே நோயுள்ள நாங்கள் ஆறு பேர் தொலைபேசியில் பேசிக்கொள்வதுண்டு. பெயரை மாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்தப் பெயர் என்பதில்தான் சண்டை. ஒரு பெயருக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?
— வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மெனக்கெடுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் ஆறு பேரின் சண்டை உலகெங்கும் இந்த நோயாளிகளிடையே பல பத்தாண்டுகளாக நடந்துவருவதுதான்.

1955ஆம் ஆண்டில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில், பெரும்பாலும் அங்கே பணிபுரிந்தவர்களே, ஏறக்குறைய முந்நூறு பேர் இனம்புரியாத நோயில் விழுந்ததால் மருத்துவமனையையே சில மாதங்கள் மூட நேர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, தசைவலியும் மூளை, தண்டுவட அழற்சியும் சேர்ந்தது என்ற பொருளில் ‘மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ்’, சுருக்கமாக எம்.ஈ., என்ற பெயர் லான்செட் மருத்துவ இதழில் முன்வைக்கப்பட்டது. 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகளை நேரில் பார்க்காமல் பழைய குறிப்புகளை மட்டும் புரட்டி, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் மிகுதி என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. 1988இல் அமெரிக்காவில் உங்கள் சீட்டிலுள்ள பெயர், சுருக்கமாக சி.எஃப்.எஸ்., வந்தது. அந்தப் பெயரில்தான் கோளாறு.

மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்குக் ‘கெட்ட காற்று’ என்று பொருள். 1897இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் அக்கிருமியைக் கண்டபின் அந்தப் பொருள் தவறென்று தெரிந்துவிட்டது; ஆனால் பெயர் நிலைத்தது, அதனால் எந்த மலேரியா நோயாளியும் அவமானப்படவில்லை. ஆகவே ஒரு பெயர் அறிவியல்படி பிழையாக இருப்பது பெரிய கேடல்ல. கேட்பவர், ‘இது எனக்கும் தெரிந்ததுதானே’ என்று நினைத்துவிடும் பெயர்தான் கேடு. அசதியை அறியாதவர் யார்? நாள் முழுதும் அடுப்படியில் நின்ற உங்கள் மாமியாருக்கும் அசதிதான். படுத்து எழுந்தால் அவருக்குப் போய்விடுகிறது. உங்களுக்கோ சிறிது வேலை செய்தாலும், ஒருநாள் கழித்துக்கூட உடல் சரிந்து, நாட்கணக்கில் எழ முடியாமல் போகிறது. இந்நோயின் அடையாளமே அந்தச் சரிவுதான். அது பெயரில் இல்லை.

அதைப் பெயருக்குள் கொண்டுவரவே 2015இல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பின் குழு ‘சிஸ்டமிக் எக்ஸர்ஷன் இன்டாலரன்ஸ் டிசீஸ்’ என்று பரிந்துரைத்தது. நோக்கம் நல்லது, ஆனால் நோயாளிகளில் பலரே அதை ஏற்கவில்லை. தமிழில் அதை ‘உழைப்பு ஒவ்வாமை நோய்’ என்று சொல்லிப் பாருங்கள், காரணம் உடனே விளங்கும். ஊர் சிரிக்கும்.

என்னைக் கேட்டால் எம்.ஈ. என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பேன். மூளை அழற்சி ஐயமற நிறுவப்படவில்லை என்ற மறுப்பு சரியானதே; மலேரியாவுக்குக் கொடுத்த சலுகையை இதற்கும் கொடுப்போம். மருத்துவச் சீட்டில் ‘எம்.ஈ./சி.எஃப்.எஸ்.’ என்று இரண்டையும் எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இன்று பல நாடுகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

வீட்டில் பெயரே வேண்டாம். இரண்டு வாரம், என்ன வேலை செய்தீர்கள், எப்போது படுத்தீர்கள் என்று நாட்காட்டியில் குறித்து வாருங்கள். பிறகு மாமியாரிடம், “அத்தை, திங்கட்கிழமை துணி துவைத்தேன், புதன்கிழமை என்னால் எழ முடியவில்லை, பாருங்கள்” என்று காட்டுங்கள். ‘நடந்தால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால், படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை இந்நோய்க்கு அளிக்கக் கூடாதென்று பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் வழிகாட்டியதை எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் அறுவரின் வாதம் தொடரட்டும். ஆனால் மூளை உழைப்பும் அதே சரிவைக் கொண்டுவரும் என்பதால், படுத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் வாதாடுங்கள்.