ஸ்டோர் ரூம் பதில்கள்

(தர்மபுரியில் 28 வருடம் மருத்துவமனை ஸ்டோர் பார்த்து ஓய்வுபெற்ற மருந்தாளுநர் அம்மா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஆறு தையல் மெஷின் போட்டு பெட்ஷீட், தலையணை உறை, நோயாளி உடை தைக்கிறேன். அமெரிக்காவில் மருத்துவமனை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள், "அங்கே பெண்கள் நடத்தும் கம்பெனிக்கென்று தனிப் பட்டியலே வைத்து வாங்குகிறார்கள் அத்தை" என்கிறாள். நம் ஊரில் அப்படி உண்டா அம்மா?
— வாசகி, பர்கூர்

உண்டு. ஆனால் அங்கேயும் இங்கேயும் பட்டியலில் பெயர் ஏறுவது வேறு, ஆர்டர் வருவது வேறு.

அமெரிக்காவில் இது கறுப்பின மக்களின் தொழில்களைக் கைதூக்கிவிட ஆரம்பித்தது. 1969-ல் அதிபர் நிக்சன் அதற்கென ஓர் அலுவலகமே திறந்தார். பெண்கள் பின்னால் சேர்ந்தார்கள். கம்பெனியில் 51 சதவீதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும், அதற்குச் சான்றிதழும் வேண்டும். இதில் ஒரு சிக்கல். அங்கே மருத்துவமனைகள் பலவும் ஒன்றுசேர்ந்து, மொத்தக் கொள்முதல் கம்பெனிகள் வழியாகப் பேரம் பேசி வாங்குகின்றன. அவ்வளவு பெரிய ஆர்டருக்கு முன்னால் ஆறு மெஷின் வைத்திருப்பவர் அங்கேயும் திண்டாட வேண்டியதுதான். எனக்குப் பிடித்தது கிளீவ்லாந்து ஊர்க் கதை. 2009-ல் தொழிலாளர்களே பங்குதாரர்களாக இருக்கும் சலவைக்கூடம் ஒன்றை அங்கே ஆரம்பித்தார்கள். 2018-ல் அந்த ஊர்ப் பெரிய மருத்துவமனையான கிளீவ்லாந்து கிளினிக் தன் துணி வெளுக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்தது. ஊசி, மருந்து என்று ஓடாமல் அழுக்குத் துணியைப் பிடித்தார்கள் பாருங்கள், கெட்டிக்காரர்கள்.

நம் நாட்டில் 2012-ல் மத்திய அரசு ஒரு கொள்முதல் ஆணை போட்டது, 2018-ல் அதைத் திருத்தியது. இப்போது அதன்படி, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4, பெண்களுக்கு 3 சதவீதம். உத்யம் என்கிற குறு, சிறு தொழில் பதிவு இருந்தால் டெண்டருக்கு முன்பணம் கட்ட வேண்டாம். பெரிய கம்பெனி குறைந்த விலை போட்டு, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அதே விலைக்கு இறங்கிவந்து ஒரு பங்கு ஆர்டரை நீங்கள் வாங்கலாம்.

இது மாநில அரசைக் கட்டுப்படுத்தாது. நம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அதன் டெண்டர் வழி தனி. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ரயில்வே மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், நெய்வேலி என்.எல்.சி., திருச்சி பெல் மாதிரி மத்திய அரசு இடங்கள். ஜெம் (GeM) என்கிற மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருங்கள். அதற்குள் கிருஷ்ணகிரி, ஓசூர் தனியார் மருத்துவமனைகளுக்கு நேரில் போங்கள். அவர்களை எந்தச் சதவீதமும் கட்டாயப்படுத்தாது, ஸ்டோர்காரருக்குப் பிடித்தால் வாங்குவார்.

ஸ்டோர்காரருக்கு எது பிடிக்கும்? பயமில்லாமல் தூங்கவிடுகிற சரக்கு. புதுப் பஞ்சு வந்தால் ஒரு மக் தண்ணீரில் கொஞ்சம் கிள்ளிப் போட்டு எண்ணுவேன். பத்து எண்ணுவதற்குள் மூழ்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். பெட்ஷீட்டை மூன்று முறை வெந்நீரில் அலசி, காயவைத்து, டேப் வைத்து அளப்பேன். ஒருமுறை பாலக்கோடு பக்கத்து மகளிர் குழு ஒன்று சாம்பிள் கொண்டுவந்தது. துணி சுமார்தான். ஆனால் நான்கு மூலையிலும் நாடா வைத்துத் தைத்திருந்தார்கள், மெத்தைக்கு அடியில் இழுத்துக் கட்ட. ரெக்ஸின் மெத்தையில் ஷீட் நழுவி நழுவி சலித்துப்போயிருந்த நர்ஸம்மாக்கள் ஓடிவந்து பார்த்தார்கள். மாதம் 40-க்கு மேல் தர முடியாது என்றது குழு. எங்களுக்கு வேண்டியதோ 200. சரி, பிரசவ வார்டுக்கு மட்டும் கொடுங்கள் என்றேன். ஒரே ஒரு வார்டைக் கேளுங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்வது அதனால்தான். அப்புறம், பேண்டேஜ், புண்ணில் வைக்கும் காஸ் துணி பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம், அதற்குச் சட்ட விதிகள் தனி.

ஈரோட்டில் துணி வாங்கி மருத்துவமனைகளுக்கு விற்கிறேன். தொழிலை மனைவி பெயருக்கு மாற்றினால் அந்த 3 சதவீதம் கிடைக்குமா?
— வாசகர், காரிமங்கலம்

கிடைக்காது. வாங்கி விற்பவருக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் இந்தக் கொள்முதல் சலுகை இல்லை. தயாரிக்க வேண்டும், அல்லது சேவை தர வேண்டும். தனி உரிமை என்றால் உரிமையாளர் பெண், கூட்டு என்றால் 51 சதவீதம் பெண்கள் கையில். வீட்டம்மாவுக்கு செக் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றாவது தெரியுமா ஐயா?

சரக்கு கொடுத்து ஐந்து மாதம் ஆகியும் பணம் வரவில்லை. என்ன செய்வது?
— வாசகி, ஊத்தங்கரை

குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006-ம் வருடச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கென்றே உள்ள மத்திய அரசின் இணையத் தளத்தில் புகார் போடலாம். வருமான வரி கட்டும் தனியார் மருத்துவமனை என்றால் இன்னொரு பிடி இருக்கிறது. கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும்வரை அவர்கள் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. பிப்ரவரியிலேயே அவர்கள் ஆடிட்டர் காதில் போட்டுவையுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. அந்த நாடா வைத்த ஷீட்டுக்கான பில் என் மேஜையில், ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு அடியில், மூன்று மாதம் கிடந்தது. ஒரு கையெழுத்துதான் பாக்கி. குழுத் தலைவி அம்மா நான்கு முறை பஸ் ஏறி வந்தார். மூன்றாவது முறை நான் கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நான்காவது முறை வந்தவர், டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.