ஹோஸ்டிங் எடுக்கும் முன்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நிறுவனத்தின் இணையதளத்தைத் தங்கள் சர்வரில் வைத்து ஓட்டித் தரும் சேவைதான் ஹோஸ்டிங்; அதை யாரை நம்பி எடுப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். தளங்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. அதனால், ஆட்கள் கோபத்தோடு வெளியேறும் வாசலையே அதிகம் பார்த்திருக்கிறேன். என் பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும்.

கேள்வி: எல்லோருமே 99.9 சதவீத அப்டைம் (தளம் இயங்கும் நேரம்) என்று போடுகிறார்கள். நம்பலாமா சார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 99.9 என்றால் மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம், வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் தளம் படுத்துக் கிடந்தாலும் அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. 99.99 ஆனால் வருடத்துக்கே 52 நிமிடம்தான். அதைவிட, சொல் தவறினால் என்ன தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த பில்லில் கொஞ்சம் கழிப்பார்கள், அதையும் நீங்களே கேட்டு வாங்க வேண்டும். அந்த நேரத்தில் போன வியாபாரத்துக்கு ஈடு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: 'அன்லிமிடெட்' திட்டம் எடுக்கலாமா?

எடுக்கலாம், அந்தச் சொல்லை மட்டும் மறந்துவிட்டு. நியாயப் பயன்பாட்டு விதி என்ற பக்கத்தில் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் சிபியு (சர்வரின் செயலி) பயன்பாட்டுக்கும் வரம்பு இருக்கும். வட்டில் இடம் மீதி இருக்கும்போதே கோப்பு எண்ணிக்கை நிரம்பி மின்னஞ்சல் நின்றுபோன தளங்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) இலவசம் என்கிறார்கள். ஒரே இடத்தில் இருந்தால் வசதிதானே அண்ணா?

வசதிதான், சண்டை வரும் வரை. டொமைனைத் தனியாக, டொமைன் பதிந்து தரும் ஒரு பதிவாளர் நிறுவனத்திடம் வையுங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்கட்டும். தொடர்பு மின்னஞ்சலை அதே டொமைனில் வைக்காதீர்கள். டொமைன் முடங்கினால் அதை மீட்க வரும் கடிதமும் உங்களுக்கு வராது.

என்னிடம் வந்த ஒருவருக்குத் தளம் செய்து கொடுத்தவர், டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சோம்பல்தான். அவர் தொழிலை விட்டுப் போன பிறகு அந்தப் பெயரை மீட்கவே மூன்று மாதம் அலைந்தோம். தளத்தை மாற்ற எனக்கு ஒரே ஒரு மாலைதான் ஆனது.

கேள்வி: தினமும் பேக்கப் எடுக்கிறார்களாம். அது போதாதா?

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முழுதாக எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்களில் சிலர் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். சின்னக் கம்பெனி அல்ல அது, ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்று. ஆகவே அவர்கள் எடுப்பது இருக்கட்டும். வாரம் ஒரு பிரதி வேறு நிறுவனத்தின் சேமிப்பிலோ உங்கள் அலுவலக வட்டிலோ வந்து சேர வேண்டும். தரவுத்தளத்தையும் விடாமல் சேர்த்து எடுங்கள். அப்புறம், ஒரு முறையாவது அந்தப் பிரதியை விரித்து வேறோர் இடத்தில் தளத்தை ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: 'சிறந்த பத்து' பட்டியல்களைப் பார்த்து முடிவு செய்யலாமா?

அவற்றில் பல, நீங்கள் சொடுக்கி வாங்கினால் கமிஷன் பெறுபவை. பணம் கட்டும் முன், வார இறுதியில் இரவு நேரத்தில் நீங்களே ஆதரவுக் குழுவிடம் கேளுங்கள்: "பிஎச்பி (பல தளங்கள் ஓடும் நிரல்மொழி) பதிப்பை நானே மாற்ற முடியுமா? பழைய மின்னஞ்சல் பெட்டிகளையும் மாற்றித் தருவீர்களா?" வரும் பதில் உங்கள் கேள்விக்கானதா, எல்லோருக்கும் ஒட்டுகிற ஒன்றா என்று படித்தவுடனே தெரிந்துவிடும். புதுப்பிக்கும்போது என்ன விலை என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள்?

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. சாதாரணத் தளத்துக்கு அது போதும்.

கேள்வி: மூன்று வருடத்துக்குக் கட்டிவிட்டேன். தளம் ஆமை வேகம். இப்போது என்ன செய்வது?

பணம் திருப்பித் தரும் காலம் முடிந்ததா என்று முதலில் பாருங்கள். முடிந்திருந்தால் கட்டிய காசை நினைத்துக்கொண்டு உட்கார வேண்டாம், மாறிவிடுங்கள். ஒரு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) டிடிஎல் மதிப்பை (அந்தப் பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதை) 300 விநாடிக்குக் குறையுங்கள். புது இடத்தில் தளத்தை ஏற்றி, சோதித்து, பிறகு முகவரியைத் திருப்புங்கள். பழைய கணக்கை ஒரு வாரமாவது மூடாதீர்கள்; வழி தெரியாமல் அங்கேயே போய் விழும் மின்னஞ்சல்களை எடுக்க வேண்டியிருக்கும்.