நம்பர் இல்லாத மினிபைக் ஃபிரேம்: கேள்விகளும் பதில்களும்

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, பழைய இரும்புக் கடையில் ஒரு சின்ன ஃபிரேம் எடைக்கு எடுத்தேன். நம்பர், ஸ்டிக்கர் எதுவும் இல்லை. கடைக்காரர் ஹோண்டா மங்கி என்ற குட்டி பைக்கோடது என்கிறார். நம்பலாமா?

எஞ்சின் உட்காரும் இடத்தைப் பாருங்க தம்பி. தட்டையான இரும்புத் தகடு இருந்தால் அது மங்கி இல்லை. மங்கியில் எஞ்சின் படுத்தவாக்கில், பின்பக்கம் இரண்டு போல்ட்டில் தொங்கும். கழுத்தில், அதாவது ஹேண்டில் தண்டு நுழையும் குழாயில், இசட்50 என்று தொடங்கும் நம்பர் அடித்திருக்கும். தகடு வைத்தது பம்ப்செட் ரக எஞ்சினுக்காகக் கட்டியது; அமெரிக்க மினிபைக்காகவோ உள்ளூர் வேலையாகவோ இருக்கலாம். தகட்டுத் துளைகள் மையத்துக்கு மையம் 162 மி.மீ., குறுக்கே 75.5 மி.மீ. வந்தால் ஹோண்டா ஜிஎக்ஸ்160 அப்படியே உட்காரும்.

அடுத்து, ஒரு இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு குழாயில் வெர்னியர் வைங்க. 26.9 அல்லது 33.7 மி.மீ. வந்தால் அது முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் தண்ணிக் குழாய். உள்ளூர்ப் பட்டறை வேலை. 25.4 வந்தால் டியூப். ஆனால் இந்த டியூப் நம்ம ஊரிலும் கிடைக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து அமெரிக்க வண்டி என்று சொல்லிவிட முடியாது. நட்டில் 3/8 இஞ்ச் மரை இருந்தாலும் அதே கதைதான்: அமெரிக்க மரைக்கும் இங்கே பழைய பட்டறைகளில் ஓடிய விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் மரைக்கும் இஞ்சுக்கு 16 சுற்றுதான். பின்சக்கரப் பல்சக்கரம் கூட இருந்தால் கொஞ்சம் தெளிவாகும். பல்லுக்குப் பல் 9.525 மி.மீ. என்றால் 35ஆம் நம்பர் செயின். அமெரிக்க மினிபைக்குகளில் அது சகஜம். 12.7 வந்தால் எதுவாகவும் இருக்கலாம், சைக்கிள் செயினுக்கும் அதே அளவுதான்.

மேலூரிலிருந்து: கழுத்துக்குக் கீழே, குழாய் சேரும் இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு. பெயிண்ட் வெடிப்பா, இரும்பே விட்டுப்போச்சா?

பெயிண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விடுங்க. சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தூளாக்கிப் பூசுங்க. விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் ஈரக்கோடாகத் தெரியும். கோடு வெல்டிங்கின் ஓரத்திலேயே ஓடினால் இரும்பு விட்டுப்போச்சு என்றுதான் அர்த்தம்.

மேலாக ஒரு பூச்சு வெல்டிங் போட்டு மூடாதீங்க. பக்கத்திலேயே மறுபடி விடும். விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டால் அது மேலே ஓடாது. பிறகு கிரைண்டரில் 'வி' போலப் பள்ளம் எடுத்து வெல்டிங். குழாய் முழுக்க அறுந்திருந்தால் உள்ளே இறுக்கமாக ஒரு துண்டுக் குழாயைச் செருகணும். அதன் நீளம் குழாய் விட்டத்தைப் போல் நாலு மடங்கு, ஒவ்வொரு பக்கமும் பாதி. 2 மி.மீ. கனமுள்ள டியூபில் ராடு வெல்டிங் சுலபமாக ஓட்டை போட்டுவிடும். சிஓ2 வெல்டிங், 0.8 மி.மீ. கம்பி நல்லது. தண்ணிக் குழாய் என்றால் துத்தநாகப் பூச்சை முதலில் தேய்த்து எடுக்கணும். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் நிச்சயம்.

உசிலம்பட்டியிலிருந்து: ஃபிரேம் கோணலா இல்லையா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். கழுத்துக் குழாயின் நடுவிலிருந்து பின் அச்சுத் துளை ஒவ்வொன்றுக்கும் நூல் பிடித்து, இரண்டு நீளத்தையும் ஒப்பிடுங்க. 2 மி.மீ. வித்தியாசம் வரை பரவாயில்லை. முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, அச்சைச் செருகி ரசமட்டம் வைத்து மட்டமாக்கிக்கொண்டு, கழுத்தில் தூக்குநூல் விட்டு, கழுத்து நூலை விட்டுப் பக்கவாட்டில் சாய்கிறதா என்று பாருங்க. வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் பார்ப்பது அவசியம்; சூட்டில் இழுக்கும்.

பழங்காநத்தத்திலிருந்து: பவுடர் கோட்டிங் போடலாமா, ஸ்ப்ரே பெயிண்ட் போதுமா?

பவுடர் கோட்டிங் கெட்டியாக நிற்கும். ஆனால் 180 டிகிரிக்கு மேல் அடுப்பில் வேகும், சாதாரண பட்டி தாங்காது, உப்பிக் கொட்டும். பட்டி வைக்க வேண்டிய குழிகள் இருந்தால் ஸ்ப்ரேயே மேல். எதுவானாலும் பேரிங் கிண்ணங்களைக் கழற்றி, மரைகளில் பழைய போல்ட்டைத் திருகிவைத்துத்தான் அனுப்பணும். பெயிண்டுக்கு முன் குழாயின் தாழ்ந்த இடத்தில் 4 மி.மீ. வடிகால் துளை ஒன்று போடுங்க, உள்ளே தண்ணி நின்றுதான் இவை மக்குகின்றன.

வாடிப்பட்டியிலிருந்து: கிளட்ச் சூடாகிப் புகை வருது. கிளட்சில் 12 பல், பின்சக்கரத்தில் 36 பல் போட்டிருக்கேன். கவர்னரைக் கழற்றினால் இழுக்குமா?

கவர்னரைத் தொடாதீங்க, எஞ்சின் சுற்று எல்லை மீறாமல் பிடித்துவைப்பது அதுதான். கனெக்டிங் ராட் அலுமினியம், சுற்று எகிறினால் உடைந்து கிராங்க்கேஸைப் பிளக்கும். உங்க சிக்கல் பல் கணக்கில்தான். மூன்றுக்கு ஒன்று போதாது, கிளட்ச் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. 10க்கு 60 போடுங்க. எஞ்சின் 3,600 சுற்றில் சக்கரம் 600 சுற்றும். 145/70-6 டயரில் மணிக்கு 40 கி.மீ. வரும், அந்த ஃபிரேமுக்கு அதுவே அதிகம். புதுக் கிளட்ச் வாங்கும் முன் எஞ்சின் தண்டை அளந்துகொள்ளுங்க. 19.05 மி.மீ. கிளட்ச் 20 மி.மீ. தண்டில் ஏறாது.

சிம்மக்கல்லிலிருந்து: இதுக்கு டிஎன் 59 நம்பர் வாங்க வழி உண்டா? பழைய டிவிஎஸ் 50 ஆர்சி ஒன்று கையில் இருக்கு.

அந்த ஆர்சியில் உள்ள சேஸ் நம்பரை இதில் குத்துவது குற்றம், பேச்சே வேண்டாம். வின்டேஜ் பதிவுக்கும் முதலில் பதிவாகி 50 வருஷம் தாண்டிய வண்டியாக, சேஸும் எஞ்சினும் மாறாமல் இருக்கணும். இது தோப்புக்குள்ளே, சொந்த இடத்தில் ஓட்ட மட்டும்தான். செலவையும் அதற்குத் தக்கபடி வையுங்க: முதலில் பிரேக்குக்கு, பெயிண்டுக்குக் கடைசியில்.