சொலண்டில் வார இறுதிப் பாய்ப்படகு: கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் இடையே உள்ள சொலண்ட் நீரிணையைப் பற்றிக் கேளுங்கள். படகு, காற்று, ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) மூன்றுக்கும் பதில் உண்டு. விடுதி, உணவகம் பற்றி வேறு யாரையாவது கேளுங்கள்.

கேள்வி: ஐந்து நண்பர்கள், 32 அடி வாடகைப் படகு. சனிக்கிழமை தென்கரையின் ஹேம்பிளில் புறப்பட்டு வைட் தீவின் யார்மத்தில் தங்கி, ஞாயிறு தீவின் மேற்கு முனையில் உள்ள நீடில்ஸ் பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

பதில்: முடியும். நேரத்தை மட்டும் ஓதம்தான் முடிவு செய்யும். யார்மத்துக்கும் நீடில்ஸுக்கும் நடுவே, ஹர்ஸ்ட் கோட்டை அருகே நீரிணை ஒரு மைலுக்கும் குறைவாகக் குறுகுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓத நாட்களில் அங்கே நீர் 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடும். மேற்கே ஓடும் நீரும் தென்மேற்குக் காற்றும் மோதினால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். பக்கத்தில் ஷிங்கிள்ஸ் என்ற சரளைக்கல் திட்டு வேறு. ஆகவே யார்மத்திலிருந்து நீர் மேற்கே ஓடும் நேரத்தின் கடைசிப் பகுதியில் கிளம்பி, நீர் திரும்பியதும் அதனோடே வந்துவிடுங்கள். தென்மேற்கிலிருந்து (போஃபர்ட் காற்று அளவில்) 5ஆம் எண் காற்று என்று முன்னறிவிப்பு வந்தால் நீடில்ஸை மறந்துவிட்டுத் தீவின் வடகரையில் உள்ள கவ்ஸ் பக்கம் போங்கள்.

கேள்வி: உரிமம் வேண்டுமா?

பதில்: சொந்த உல்லாசப் படகுக்குச் சட்டப்படி வேண்டாம். வாடகைக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் டே ஸ்கிப்பர் என்ற படகோட்டும் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். ரேடியோவுக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. ஆபத்தில் மட்டும் யாரும் 16ஆம் சேனலில் உதவி கேட்கலாம்.

கேள்வி: படகில் என்ஜின் இருக்கும்போது ஓத அட்டவணை எதற்கு?

பதில்: அந்த என்ஜின் 6 நாட் தரும். எதிரே 4 நாட் ஓட்டம் வந்தால் மிஞ்சுவது 2. கரையில் நடப்பவர் உங்களை முந்திவிடுவார்.

கேள்வி: என் பாட்டனார் இராமேசுவரத்து மீனவர். அட்டவணை என்ற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: சென்னையில் பெரிய ஓத நாளிலும் நீர் ஏறி இறங்குவது ஏறக்குறைய 1 மீட்டர், பாக் நீரிணையில் அதைவிடக் குறைவு. சவுத்தாம்ப்டனில் சுமார் 4 மீட்டர். உங்கள் பாட்டனார் நீவாடு (கடல் நீரோட்டம்) பார்க்காமல் வலை விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. அவருக்கு மனப்பாடமாக இருந்ததைத்தான் இங்கே அச்சிட்டு விற்கிறார்கள்.

கேள்வி: (முதலில் கேட்டவர்) ஞாயிறு மாலை 5 மணிக்குப் படகை ஒப்படைக்க வேண்டுமே. நீர் திரும்பும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடாதா?

பதில்: இந்த 5 மணிதான் சொலண்டில் மிகப் பெரிய பாறை. காற்று ஏறிய பிறகும் கிளம்புகிறவர்கள் இதனால்தான் கிளம்புகிறார்கள். தொலைபேசியில் தாமதம் என்று சொல்லுங்கள், அபராதம் கட்டுங்கள்.

கேள்வி: ஒருவருக்கு நீச்சல் தெரியாது.

பதில்: தெரிந்தவருக்கும் அதே விதிதான். மே மாதத்தில் நீர் 12 டிகிரி அளவில் இருக்கும். விழுந்த கணமே மூச்சு திணறும். உயிர்காப்பு அங்கியைத் துறைமுகத்திலேயே போட்டு, கவட்டுப் பட்டையையும் மாட்டுங்கள். பட்டை இல்லாவிட்டால் அங்கி தலைக்கு மேலே போகும், ஆள் கீழே போவார்.

கேள்வி: உரிமம் இல்லாமல் போகலாமா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: படகிலேயே பிரியாணி செய்யலாமா?

பதில்: செய்யுங்கள், நங்கூரமிட்ட பிறகு. முடிந்ததும் எரிவாயுவை அடுப்பில் மட்டுமல்ல, சிலிண்டரிலும் மூடுங்கள். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: கடல் நடுவில் கிரிக்கெட் ஆடுவது உண்மையா?

பதில்: உண்மை. சொலண்டின் நடுவே நீருக்கடியில் இருக்கும் பிராம்பிள் என்ற மணல் திட்டு, நீர் மிகவும் இறங்கும்போது ஆண்டில் சில முறை தலைகாட்டும். கோடை முடிவில் இரண்டு படகுச் சங்கங்கள் அங்கே ஆடுகின்றன. 2008இல் குயின் எலிசபெத் 2 கப்பலே அங்கே தரை தட்டியது. திட்டை ஒட்டிப் பெரிய கப்பல்கள் திரும்பும் வளைவில் 150 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் வந்தால் அதன் முன்னே 1000 மீட்டர் வரை நீங்கள் இருக்கக் கூடாது.

கேள்வி: ஞாயிறு 5 மணிக்குள் நீடில்ஸ் போய்வர என்ஜினை முழு வேகத்தில்…

பதில்: பாட்டனாரைக் கேளுங்கள்.

கேள்வி: பாறைகளைப் படம் எடுக்க எவ்வளவு நெருங்கலாம்?

பதில்: கலங்கரை விளக்கின் மேற்கே 1947இல் உடைந்த வர்வாசி என்ற கிரேக்கக் கப்பலின் எலும்புகள் நீருக்கடியில் கிடக்கின்றன. பந்தயப் படகுகளே அதில் மோதியிருக்கின்றன. வரைபடத்தில் குறித்திருக்கும் இடத்துக்கு வெளியே நில்லுங்கள். கைபேசியில் ஜூம் இருக்கிறது.